காகக் கும்பலிடம் மனதைப் பறிகொடுத்தவர்களுக்கு: ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகத்தை முடித்துவிட்டு இரண்டு நாளாக வேறு எதிலும் மனம் ஒட்டாமல் திரிபவர்களுக்கும், அப்படித் திரியும் தோழியைப் பார்த்து ‘இவளுக்கு என்ன ஆச்சு’ என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். இடையில் சில ஸ்பாய்லர்கள் உண்டு. வரும் இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லீ பார்டூகோ ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு நாவல்கள். ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ 2015இல் வந்தது, ‘க்ரூக்கட் கிங்டம்’ 2016இல். கதை நடப்பது கெட்டர்டாம் என்ற கற்பனைத் துறைமுக நகரத்தில். பழைய ஆம்ஸ்டர்டாமின் சாயல் நன்றாகத் தெரியும்: கால்வாய்கள், கறுப்பு உடை வணிகர்கள், லாபத்தையே கும்பிடும் ஒரு மதம். நகரத்தின் ஒரு மூலையில் பாரல் என்ற பகுதி. சூதாட்ட விடுதி, விபசார விடுதி, அடியாள் கும்பல் எல்லாம் அங்கேதான். அங்கே ட்ரெக்ஸ் என்ற கும்பலைப் பெயரளவில் ஒரு கிழவர் நடத்துகிறார். உண்மையில் நடத்துபவன் காஸ் பிரெக்கர், வயது 17.

யான் வான் எக் என்ற பெரிய வணிகர் அவனிடம் ஒரு வேலை கொடுக்கிறார். வடக்கே ஃபியெர்டா நாட்டில் ஐஸ் கோர்ட் என்று ஒரு கோட்டை. யாரும் உடைத்து நுழைந்ததில்லை. அதற்குள் இருக்கும் ஒரு விஞ்ஞானியை வெளியே கொண்டுவர வேண்டும். அந்த விஞ்ஞானி கண்டுபிடித்த மருந்து, கிரிஷாக்கள் எனப்படும் மாயசக்தி உள்ளவர்களின் பலத்தைப் பல மடங்காக்கும், அதோடு அவர்களை அடிமையாக்கி அழித்தும்விடும். கூலி 2 கோடி க்ரூகே என்று பேச்சு தொடங்குகிறது. காஸ் அதை 3 கோடிக்கு ஏற்றிவிடுகிறான். அப்புறம் காஸ், இனெஜ், ஜெஸ்பர், நீனா, மத்தியாஸ், வைலன் என்று 6 பேர் கப்பல் ஏறுகிறார்கள். இவர்கள்தான் காகக் கும்பல்.

எத்தனையோ ஃபேன்டசி படித்திருக்கிறேன். இந்த 6 பேர் மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறார்கள்?

என் பதில்: இவர்கள் வேலை செய்வதை நாம் பார்க்கிறோம். அதனால்தான்.

வழக்கமான ஃபேன்டசியில் நாயகன் பிறக்கும்போதே தேர்ந்தெடுக்கப்பட்டவன். ஏதாவது ஒரு தீர்க்கதரிசனம் இருக்கும், அரச ரத்தம் இருக்கும். அவன் பெரிய ஆள் என்று மற்றவர்கள் நமக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கொள்ளைக் கதையில் அதற்கு இடமே இல்லை. பூட்டைத் திறக்கத் தெரிந்தால்தான் கும்பலில் இடம். சுவர் ஏறத் தெரியாதவளை யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். ஒருவர் தன் தொழிலில் மூழ்கி, அலட்டாமல் அதைச் செய்து முடிப்பதைப் பார்க்கும்போது அவர் மேல் ஒரு மரியாதை வருகிறது. காதல் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஆனால் கெட்டிக்காரர்களைக் காட்டினால் மட்டும் போதாது. அப்படிப் பல கொள்ளைக் கதைகள் உண்டு, படித்த மறுவாரமே பெயர்கூட மறந்துபோகும். பார்டூகோ செய்த காரியம் வேறு. இந்தக் கும்பலில் ஒவ்வொருவரின் திறமையும் அவரவர் காயத்திலிருந்தே முளைத்தது. இனெஜ் சத்தமே இல்லாமல் நடக்கிறாள். கழைக்கூத்துக் குடும்பத்தில் கயிற்றில் நடந்து வளர்ந்தவள் அவள். 14 வயதில் கடத்தப்பட்டு விபசார விடுதியில் விற்கப்பட்டாள். அங்கே யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது. மத்தியாஸுக்கு ஐஸ் கோர்ட்டின் ஒவ்வொரு மூலையும் அத்துபடி. காரணம், கிரிஷாக்களை வேட்டையாடும் வீரனாக அவனை அங்கேதான் வளர்த்தார்கள், அந்த வளர்ப்பைத்தான் அவன் இப்போது மனதிலிருந்து பிய்த்து எறிய வேண்டியிருக்கிறது. ஆகவே திட்டம் நடக்க நடக்க, ஒவ்வொருவரும் தன் திறமையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும், காயத்தையும் தொட்டுக்கொண்டே போகிறார்கள். தனியாக உட்கார்ந்து சோகக் கதை சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை. (கொஞ்சம் சொல்கிறார்கள். அதைப் பிறகு பேசுவோம்.)

இன்னொன்றும் உண்டு. காஸ் தன் முழுத் திட்டத்தையும் யாரிடமும் சொல்வதில்லை. கும்பலுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். அவனை நம்புவதா வேண்டாமா என்று இனெஜும் ஜெஸ்பரும் தவிக்கும் அதே நேரத்தில் நாமும் தவிக்கிறோம். இப்படி 400, 500 பக்கம் ஒருவனை நம்பிக்கொண்டே போனால் அது வெறும் வாசிப்பாக நிற்காது, உறவாகிவிடும்.

காஸ் ஒரு கொடூரன். கண்ணைப் பிடுங்குகிறான். அவனைப் போய் எப்படிப் பிடிக்கிறது?

ஆமாம், முதல் புத்தகத்தில் இனெஜைக் குத்தியவனின் கண்ணைப் பிடுங்குகிறான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. அவனும் நியாயப்படுத்துவதில்லை என்பதுதான் விஷயம். ‘நான் உள்ளுக்குள் நல்லவன்’ என்று ஒரு இடத்திலும் அவன் மன்னிப்புக் கேட்டு நிற்பதில்லை. கெட்டவனை நல்லவனாக்கி நமக்கு விற்கும் கதைகளில் வரும் எரிச்சல் இங்கே வராததற்கு அது ஒரு காரணம்.

மற்ற காரணம் கையுறை. (இங்கே முதல் புத்தகத்தின் முன்கதை ஒன்று வருகிறது. படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம்.) காஸ் எப்போதும் கறுப்புத் தோல் கையுறை போட்டிருப்பான். அடியில் ரத்தக்கறை இருக்கிறது, நகத்துக்குப் பதில் பேய் நகம் இருக்கிறது என்று ஊரெல்லாம் வதந்தி. அவனும் அதை வளரவிடுகிறான். உண்மை வேறு. கிராமத்திலிருந்து அண்ணனோடு நகரத்துக்கு வந்த சிறுவன் அவன். பெக்கா ரோலின்ஸ் என்ற மோசடிக்காரன் இருவரையும் ஏமாற்றித் தெருவுக்குத் துரத்துகிறான். கொள்ளை நோய் வருகிறது. அண்ணன் சாகிறான். செத்துவிட்டான் என்று நினைத்துக் காஸையும் பிணங்களோடு கொட்டிவிடுகிறார்கள். அண்ணனின் உடலையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு நீந்திக் கரையேறுகிறான். அதற்குப் பிறகு மனிதத் தோல் தன்மேல் பட்டாலே அவனுக்குத் தண்ணீரில் மூழ்குவதுபோல் இருக்கிறது. ஐஸ் கோர்ட்டுக்குள் கைதிகளாக நுழைய, நெருக்கியடித்த சிறை வண்டியில் போகும்போது அவன் மயங்கியே விழுகிறான்.

நகரமே நடுங்கும் ஒருவனால் ஒரு கையைத் தொட முடியவில்லை. இதற்கு மேல் ஒரு வாசகருக்கு என்ன வேண்டும்?

காஸின் கால் ஏன் குணமாவதில்லை? மாயசக்தி உள்ள உலகம்தானே?

மாயத்தால் ஊனத்தைத் துடைத்தெறியும் கதைகள் ஏராளம். இது அப்படிப்பட்ட கதை இல்லை. ஒரு வங்கிக் கூரையிலிருந்து விழுந்து கால் முறிந்து, சரியாகப் பொருந்தாமல் போனது. காகத் தலை பிடி வைத்த கைத்தடி அவனுடைய அடையாளம், தேவைப்பட்டால் ஆயுதம். எழுத்தாளருக்கே எலும்பு சிதையும் நோய் உண்டு, சில சமயம் கைத்தடி வைத்துத்தான் நடக்கிறார். நாவலின் நன்றியுரையில் அதைச் சொல்லியிருக்கிறார். படிக்கட்டைப் பார்த்ததும் காஸ் மனதுக்குள் போடும் கணக்கும், குளிர்நாளில் கால் கடுப்பதும் அவ்வளவு சரியாக வந்திருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கானெஜ், ஹெல்னிக், வெஸ்பர் என்கிறார்களே, அதெல்லாம் என்ன?

ரசிகர்கள் ஜோடிகளுக்கு வைத்த பெயர்கள். காஸும் இனெஜும் கானெஜ். மத்தியாஸ் ஹெல்வாரும் நீனா செனிக்கும் ஹெல்னிக். வைலனும் ஜெஸ்பரும் வெஸ்பர். ஆளாளுக்கு ஒரு கட்சி. சண்டை பெரிதாக வராது, ஏனென்றால் மூன்று ஜோடியும் கதையிலேயே உண்டு. முக்கோணக் காதல் இல்லாத டீன் ஏஜ் ஃபேன்டசி என்பதே ஒரு நிம்மதி.

கானெஜ் கட்சிக்காரர்கள் மட்டும் ஏன் இவ்வளவு தீவிரமாக இருக்கிறார்கள்? அவர்கள் முத்தம்கூடக் கொடுத்துக்கொள்வதில்லையே!

கொடுத்துக்கொள்ளாததால்தான்.

காஸுக்குத் தொடுவது முடியாது. இனெஜுக்கும் தொடப்படுவது எளிதல்ல, அந்த விடுதியில் அவள் பட்டதற்குப் பிறகு. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் தடை, வேறு வேறு காரணத்தால். இரண்டாம் புத்தகத்தில் ஒரு ஹோட்டல் குளியலறைக் காட்சி வரும். இனெஜுக்குக் காயம், கட்டுப்போட வேண்டும். காஸ் கையுறையைக் கழற்றுகிறான். அவ்வளவுதான் சம்பவம். பேண்டேஜைச் சுற்றுகிறான், வயிற்றைப் புரட்டுகிறது, தண்ணீரும் பிணங்களும் ஞாபகத்துக்கு வருகின்றன, மறுபடி தொடங்குகிறான். அவளும் தன் பக்கத்தில் தன் பயத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். மொத்தத் தொடரிலும் வாசகர்கள் அதிகம் பேசுவது எந்தச் சண்டைக் காட்சியையும் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான். நானும் அதே கட்சி.

இன்னொரு காரணம் இனெஜ் வைக்கும் நிபந்தனை. தன்னோடு இரு என்று காஸ் முதன்முதலாக வாய்விட்டுக் கேட்கும்போது அவள் உருகிவிடுவதில்லை. உன் கவசத்தைக் கழற்றிவிட்டு வந்தால் வா, இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறாள். அவள் காஸைத் திருத்தக் கிளம்பியவள் இல்லை. அவளுக்கென்று சொந்தக் கனவு ஒன்று உண்டு: ஒரு கப்பல் வாங்கி, ஆள் கடத்துபவர்களைக் கடலில் வேட்டையாடுவது. காதலுக்காக அதைக் கைவிடுவதாக அவள் ஒரு வரிகூட யோசிப்பதில்லை.

சொல்லப்போனால் முதல் புத்தகத்தின் உண்மையான நாயகி அவள்தான். ஐஸ் கோர்ட்டின் எரிஉலைக் குழாய்க்குள், அடியில் நெருப்பு மூட்டப்பட்டிருக்க, காலணியின் ரப்பர் உருகிக் கொண்டிருக்க, 6 மாடி ஏறுகிறாள். பாதி வழியில் இது யாருக்காக என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். தான் வாழ விரும்புவது எதற்காக என்ற பதிலும் அந்தக் குழாய்க்குள்தான் கிடைக்கிறது. அந்த அத்தியாயத்தை ஒரு தடவை படித்தவர்கள் அவளுடைய கத்திகளின் பெயர்களைக்கூட மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர் வைத்திருப்பாள்.

நீனாவும் மத்தியாஸும்?

இவர்கள் கதை சிக்கலானது. அவன் கிரிஷா வேட்டைக்காரன், அவள் கிரிஷா. அவளைப் பிடித்துக்கொண்டு போன கப்பல் உடைந்து, பனியில் உயிர் பிழைக்க இருவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டியதாகிறது. பிறகு, அவள் தன் சொந்த ஆட்களிடமிருந்து அவனைக் காப்பாற்ற ஒரு பொய்க் குற்றச்சாட்டு சொல்கிறாள். அதனால் அவன் ஹெல்கேட் சிறைக்குப் போகிறான். கதை தொடங்கும்போது அவனுக்கு அவளைக் கொல்ல வேண்டும், கட்டிக்கொள்ளவும் வேண்டும்.

சில வாசகர்களுக்கு இந்த ஜோடி உறுத்துகிறது. ஒரு இனத்தையே வெறுக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவனை, அந்த இனத்துப் பெண் ஏன் பொறுமையாகத் திருத்த வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நீனா சும்மா பொறுத்துப்போகிறவள் இல்லை, அவனைச் சீண்டுகிறாள், சண்டை போடுகிறாள், நடுவில் வாஃபிள் சாப்பிடுகிறாள். இருந்தாலும் அவன் மாறும் வேகம் கொஞ்சம் அதிகம் என்றே எனக்கும் தோன்றும்.

எல்லோரும் 16, 17, 18 வயது என்பதை நம்ப முடியவில்லையே?

யாராலும் முடியவில்லை. மனதுக்குள் 5, 6 வயது கூட்டிக்கொண்டு படிப்பவர்கள்தான் அதிகம். தொலைக்காட்சித் தொடரிலும் நடிகர்கள் வயதில் பெரியவர்கள். டீன் ஏஜ் வாசகர்களுக்கான பிரிவில் வெளியான நூல் என்பதால் வயது அப்படி. ஆனால் பாரல் பகுதியில் யாருக்கும் குழந்தைப் பருவம் மிஞ்சுவதில்லை என்பதும் கதையின் ஒரு வாதம்தான்.

எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

நேராக ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ எடுத்துவிடலாம். அதே உலகத்தில் நடக்கும் ‘ஷேடோ அண்ட் போன்’ மூன்று நூல்கள் (2012, 2013, 2014) முன்னால் வந்தவை. அவற்றைப் படித்திருந்தால் சில பெயர்கள் புரியும், படிக்காவிட்டால் ஒன்றும் குறையாது. சொல்லப்போனால், அவற்றில் தொடங்கி, ‘இதுக்கா இவ்வளவு பேச்சு’ என்று பாதியில் விட்டவர்கள் நிறைய. முதல் 50, 60 பக்கம் ஊர்ப்பெயர், கும்பல்பெயர் என்று குழப்பும். பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்.

நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்தால் போதாதா?

போதாது. 2021இல் வந்த ‘ஷேடோ அண்ட் போன்’ தொடர், காலத்தால் பின்னால் வரும் காகக் கும்பலை அந்த முதல் மூன்று நூல்களின் கதைக்குள் இழுத்துவந்து சேர்த்தது. அவர்களுக்காகப் புதிதாக ஒரு வேலையையும் கண்டுபிடித்தார்கள். 2023 மார்ச்சில் இரண்டாம் சீசன் வந்தது, அதே ஆண்டு நவம்பரில் தொடரை நிறுத்திவிட்டார்கள். ஆக, ஐஸ் கோர்ட் கொள்ளை இன்றுவரை படமாகவில்லை. ரசிகர்களின் தீராத வயிற்றெரிச்சல் அது.

நடிகர்கள் தேர்வு மட்டும் அபாரம். காஸாக ஃப்ரெடி கார்ட்டர், ஜெஸ்பராக கிட் யங், இனெஜாக நேபாளத்தில் பிறந்த அமிதா சுமன். பேச்சே இல்லாமல் இரண்டு பார்வையில் கார்ட்டரும் சுமனும் செய்வதைப் பார்க்கவாவது ஒரு தடவை ஓட விடலாம்.

மறுபடி படித்தால் ரசிக்குமா? திட்டம்தான் தெரிந்துவிட்டதே! (ஸ்பாய்லர்)

இரண்டாம் வாசிப்புதான் அருமை. முதல் புத்தகத்தில் அத்தியாயங்கள் பெரும்பாலும் 5 பேர் பார்வையில் மாறி மாறி வரும். வைலனுக்கு மட்டும் ஒரு அத்தியாயம்கூட இல்லை. முதல் தடவை இது உறைக்காது, சின்னப் பையன், புதுசு என்று விட்டுவிடுவோம். அவனுடைய அப்பா யார் என்பது நடுவில் தெரிகிறது, அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்பது கடைசியில் தெரிகிறது. அப்புறம் திரும்பிப் போய்ப் பாருங்கள். யாராவது ஒரு காகிதத்தை நீட்டும் இடத்தில் எல்லாம் அவன் என்ன செய்கிறான், பேச்சை எங்கே மாற்றுகிறான், கேட்டதை எப்படி அப்படியே நினைவில் வைத்திருக்கிறான்! எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது.

ஜெஸ்பரும் அப்படித்தான். குறி தவறாத துப்பாக்கிக்காரன், சூதாட்டப் பைத்தியம், ஒரு இடத்தில் நிற்காத கால். சிரிக்க வைக்கத்தான் இவன் என்று முதலில் தோன்றும். அவன் தன் கிரிஷா சக்தியை மறைத்து அடக்கி வாழ்கிறவன் என்று தெரிந்த பிறகு அந்தப் படபடப்பு வேறு மாதிரி தெரியும். அப்பா கோல்ம் வரும் காட்சிகளில் அவன் சிரிப்பு எங்கே நிற்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

மத்தியாஸை ஏன் கொன்றார்கள்? மன்னிக்கவே மாட்டேன். (பெரிய ஸ்பாய்லர், இரண்டாம் புத்தகத்தின் முடிவு)

மன்னிக்க வேண்டாம். கும்பல் ஜெயித்துவிட்டது, பணம் வந்துவிட்டது, இனி எல்லாம் சுபம் என்று நாம் மூச்சு விடும் நேரத்தில், வேட்டைக்காரனாகப் பயிற்சி பெறும் ஒரு சிறுவன் அவனைச் சுடுகிறான். மத்தியாஸ் சுலபமாக அவனை வீழ்த்தியிருக்கலாம். பேசிப் புரியவைக்கப் பார்க்கிறான், ஏனென்றால் அந்தப் பையன் நேற்றைய மத்தியாஸ்.

கதையின் தர்க்கத்துக்கு இது பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். வெறுப்பை ஒருவன் தனக்குள் கொன்றுவிட்டாலும் வெளியே அது அப்படியே இருக்கும். ஆனால் வைத்த இடம்தான் பிரச்சினை. கடைசிச் சில அத்தியாயங்களில் அவசரமாக வருகிறது. மற்றவர்கள் அழுது முடிக்கும் முன் கதை கணக்குகளைத் தீர்க்க ஓடிவிடுகிறது. நீனாவின் துக்கத்துக்குச் சரியான இடம் கிடைப்பது 2019இல் வந்த ‘கிங் ஆஃப் ஸ்கார்ஸ்’ நூலில்தான். அவனை அவன் மண்ணிலேயே அடக்கம் செய்ய அவள் ஃபியெர்டாவுக்குப் போகிறாள். மனம் ஆறாதவர்கள் அதைப் படியுங்கள். ஆறும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

குறையே இல்லையா?

இருக்கிறது. ‘இதையும் நான் முன்பே எதிர்பார்த்தேன்’ என்று காஸ் கடைசி நேரத்தில் சட்டைக்குள்ளிருந்து எடுக்கும் வித்தை நான்காவது தடவை வரும்போது அலுக்கிறது. நம்மிடம் மறைத்துவைத்தால் யார் வேண்டுமானாலும் மேதாவிதான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது கதையை நிறுத்தி, 10 பக்கம் பழைய நினைவுக்குப் போவதும் உண்டு. இரண்டாம் புத்தகத்தின் நடுப்பகுதி ஒரே ஊருக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. எதிரி வான் எக் படுகெட்டவன், அவ்வளவுதான், அவனுக்கு வேறு முகம் இல்லை.

கற்பனை ஆட்கள் மேல் இப்படிப் பைத்தியமாக இருப்பது சரியா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். நேரில் பழகாத ஒருவரோடு பழகியதுபோன்ற உறவு தோன்றுவதைப் பற்றி டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956லேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். அப்போது அவர்கள் பார்த்தது வானொலியும் தொலைக்காட்சியும். பின்னால் வந்தவர்கள் அந்தக் கருத்தைக் கதைமாந்தர்களுக்கும் நீட்டினார்கள். அப்படித் தோன்றுவதே நோய் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். காஸ் மாதிரி ஒருவன் வேண்டும் என்று நிஜத்தில் தேடாதீர்கள். முகம் கொடுத்துப் பேசாதவன், மனதில் உள்ளதைச் சொல்லாதவன் எல்லாம் உள்ளே ஒரு சோகக் கதையைச் சுமந்துகொண்டிருப்பதில்லை. பலர் வெறும் சிடுமூஞ்சிகள். புத்தகத்தில் அவன் தலைக்குள் நுழைந்து பார்க்கும் வசதி நமக்கு இருக்கிறது, வெளியே அது கிடையாது.

முடித்துவிட்டேன். அடுத்து எதைப் படிப்பது?

இவர்களையே இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டுமென்றால் 2021இல் வந்த ‘ரூல் ஆஃப் வுல்வ்ஸ்’. காஸ் கும்பல் சில அத்தியாயங்களுக்கு வந்துபோகும். ஆனால் ‘கிங் ஆஃப் ஸ்கார்ஸ்’ படிக்காமல் அதற்குப் போகாதீர்கள்.

கும்பலும் கொள்ளையும் வேண்டுமென்றால் ஸ்காட் லின்ச் எழுதிய ‘தி லைஸ் ஆஃப் லாக் லமோரா’. 2006இல் வந்தது, பெரியவர்களுக்கானது, கெட்ட வார்த்தை கொஞ்சம் அதிகம், வெனிஸ் சாயல் நகரம். காதல் எதிர்பார்க்காதீர்கள், நட்புக்காகப் படியுங்கள். அதே ஆண்டு வந்த பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ கொள்ளைத் திட்டமாகத் தொடங்கிப் புரட்சியாக மாறும். மாய விதிகளைக் கணக்குப் போட்டு ரசிப்பவர்களுக்கு அது. குளியலறைக் காட்சிக்காகத் தவிப்பவர்களுக்கு இரண்டிலும் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் ரசிகர்கள் எழுதிக் குவித்திருக்கும் கானெஜ் கதைகளின் பக்கம் போகலாம். தரம் ஏறும், இறங்கும். ஆனால் ஆயுசுக்கும் படித்துத் தீராது.